எல்லை தாண்டி ஒரு தகனம்

2011 மார்ச் மூன்றாம் தேதி வியாழக்கிழமை, லிசிமாகோஸின் உடல் வோலோஸ் நகரைவிட்டுப் பல்கேரியாவுக்குப் புறப்பட்டது. பேருந்து ஓட்டுநரான அவர் பழைய கிரேக்கத் தெய்வங்களைக் கும்பிட்டவர். தன்னை எரிக்கத்தான் வேண்டும் என்று மனைவி எவாந்தியாவிடம் வாக்கு வாங்கியிருந்தார். கிரேக்கத்தில் அன்று ஒரு தகனமேடைகூட இல்லை; பக்கத்து நாடான பல்கேரியாவுக்குத்தான் போகவேண்டும். எந்தத் தெய்வத்தையும் நம்பாத எவாந்தியா, தான் வேலைபார்த்த சலவைக்கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அனுமதிக் காகிதங்களுக்காக ஆறு நாள் அலுவலகம் அலுவலகமாக அலைந்திருந்தாள்; கால் வீங்கிப்போயிருந்தது.

வண்டியருகே கொழுந்தன் ஸ்தாமாதிஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

"பன்னெண்டு சாமி கும்பிட்டாரே எங்கண்ணன், அதுல ஒண்ணுகூடவா ஒரு சுடுகாடு கட்டித் தரல, அண்ணி?"

"அதுங்க தந்திருக்கும். உன் பாதிரிமாருங்கதான் விடல. தள்ளிக்கோ தம்பி, வண்டியில ஏறணும்."

அவன் உடன் வரவில்லை. அதன்பின் பேச்சும் நின்றுபோனது. சாம்பலைக் கடலில் கரைத்த மறுநாளே எவாந்தியா இஸ்திரிப்பெட்டியைப் பிடித்தாள்.

பதினோரு ஆண்டு கழித்து அவனிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது:

"அண்ணி, குழி வாடகைக்கு மூணு வருஷக் கெடு முடிஞ்சுதுன்னு இன்னைக்கு என் பொண்டாட்டியக் கல்லறையிலேருந்து தோண்டி எடுத்தாங்க. உடம்பு இன்னும் மக்கல. பக்கத்துல நின்னு பாத்துட்டேன். இப்ப நம்ம நாட்டுலயே எரிக்கறாங்களாமே? எனக்கு அதுதான் வேணும். என்னென்ன எழுதிக் குடுக்கணும்?"