எல்லாருக்கும் ஒரே சம்பளம்

பல்செட் செய்கிறவள் அவள். மெழுகில் ஈறு வார்த்து, அதில் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, யாரோ ஒருவரின் வாய்க்குப் பொருந்தும்வரை தேய்ப்பது அவள் பிழைப்பு. வீடு ஏலத்தில் போனபிறகு பட்டறையில் அவள் அதிகம் பேசுவதில்லை. வாயைத் திறந்தால் அத்தானைத் திட்டத்தான் வரும்.

அக்காவின் கணவர் வீட்டுக் கடன் தரகர். அவளுக்குக் கடன் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். தவணை கட்ட முடியாமல் வீடு கைமாறியதும், உறவுக்காரர்கள் கூடிய இடத்திலெல்லாம் அவர் சொன்னது ஒன்றே.

"அவ சொன்ன சம்பளத்தைத்தான் எழுதினேன். பொய் சொல்லிக் கடன் வாங்கினா வேற என்ன ஆகும்?"

அக்காவும் அதை நம்பினாள். இவளுக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான். வீடு போனது போகட்டும். பொய் சொன்ன பேர் அவர் தலையில் விழவேண்டும், அதுவும் அக்கா கண்ணெதிரே.

ஏல அறிவிப்பில் கடன் கொடுத்தவராகப் போட்டிருந்தது வங்கியின் பெயரே அல்ல. வருடமும் எண்ணும் ஒட்டிய ஏதோ ஒரு டிரஸ்ட். வங்கிக்குப் போன் போட்டாள்.

"உங்க கடனை எப்பவோ வித்தாச்சு மேடம். நிறைய கடனை ஒண்ணாக் கட்டி, பத்திரமா மாத்தி, முதலீடு பண்றவங்களுக்கு வித்துடுவோம்" என்றாள் போனில் பேசிய பெண்.

"என்னைப் பத்தி என்ன சொல்லி வித்தீங்க?"

"அதெல்லாம் பொதுவில இருக்கு. தேடிப் பாத்துக்கோங்க."

இவளாவது தேடுவதாவது என்ற இளக்காரம் அந்தக் குரலில் இருந்தது. அதற்காகவே தேடினாள்.

சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக் கணினியில் உட்கார்ந்து, பத்திரச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தளத்தில் டிரஸ்டின் பெயரைத் தட்டினாள். காசு கேட்கவில்லை, யார் நீ என்றும் கேட்கவில்லை. முதலில் வந்த விளக்க அறிக்கை கொட்டாவி வரவழைத்தது. ஆத்திரம்தான் அவளை விழிக்க வைத்தது. அதன் பின்னிணைப்பில் பெரிய அட்டவணை, ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி. பெயர் கிடையாது. ஊர்ப்பகுதியின் அஞ்சல் எண், ஆணா பெண்ணா, எதற்கான கடன், தொகை, கடன் வாங்கிய மாதம், வருமானம், தரகரின் உரிம எண். அந்த எண்ணை அத்தான் தன் விசிட்டிங் கார்டில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டவர்.

தன் வரியைக் கண்டுபிடித்தாள். வருமானம் அவள் வாங்குவதைப்போல மூன்று மடங்கு.

பட்டறையில் பல் அச்சு வார்க்கும் அண்ணன் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு சம்பளமா? அப்புறம் ஏம்மா டீக்கு எங்கிட்ட கைமாத்து வாங்கற?"

அத்தானின் எண் உள்ள வரிகளை மட்டும் பிரித்தெடுத்தாள். எல்லா வரியிலும் அதே வருமானம், ரூபாய் பிசகாமல். எந்தத் தொகை போட்டால் கடன் கிடைக்கும் என்று கண்டுகொண்ட மனிதர், மாற்றி எழுதக்கூட மெனக்கெடவில்லை.

கடைசியில் ஒரு வரி. அக்கா குடியிருக்கும் பகுதி. கடன் வாங்கியவர் பெண். ஏற்கெனவே சொந்தமான வீட்டை அடகு வைத்து ரொக்கமாக வாங்கிய கடன்.

வகையாகச் சிக்கினார் என்று மனசு துள்ளியது. உடனே, அக்கா வீடும் கடனில் சிக்கியதற்கா துள்ளுகிறோம் என்று கூசியது. இருந்தும் அந்த வரிகளைத் தாளில் அச்செடுத்தாள்.

மறுநாள் அக்காவின் சமையலறையில் அதை விரித்துக் காட்டி, கடைசி வரியில் இருந்த மாதத்தைச் சொல்லிக் கேட்டாள். "அப்ப ஏதாவது கையெழுத்துப் போட்டியாக்கா?"

அக்கா அந்த வரியில் விரலை வைத்தாள். "இன்சூரன்ஸுன்னு சொன்னாரு." பிறகு நிமிர்ந்தாள். "இதைச் சொல்லத்தான் வந்தியா, என் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்க வந்தியாடி?"

"அத்தான் மூஞ்சியப் பாக்க வந்தேன்."

அத்தான் உள்ளே வந்தார். தாளைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. "இங்க பாரு, அவங்கவங்க சொன்ன சம்பளத்தைத்தான் நான் எழுதுவேன்."

"நான் எவ்வளவு சொன்னேன்?" என்றாள் அக்கா. "நான் எந்த ஆபீசுக்குப் போனேன்? எப்பங்க சம்பாதிச்சேன்?"

அவர் மைத்துனியைப் பார்த்தார். அவள் கண்ணைத் திருப்பவில்லை. இத்தனை நாளும் இதற்காகத்தானே காத்திருந்தாள்.

"இதை எங்கடி புகாராக் குடுக்கணும்?" என்று அக்கா தங்கையிடம் கேட்டாள்.

"உரிமம் குடுத்த ஆபீசுல. ஆனா உரிமம் போச்சுன்னா அத்தான் சம்பாத்தியம் போயிடும், உன் வீட்டுத் தவணையும் நின்னுடும்க்கா." தடுக்கிறோமா, தூண்டிவிடுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நிக்கட்டும்."

"கொஞ்சம் பொறுமையா உக்காந்து பேசுவோம்" என்றார் அத்தான், இதுவரை யாரும் கேட்டிராத தழைந்த குரலில்.

அக்கா அடுப்பை அணைத்தாள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "பொய்க்காரின்னு உன்னைச் சொன்னாரே, அதையும் அங்க சொல்லு. ஒண்ணும் விட்டுடாத" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.