கயிற்றின் மறுமுனை

நாத்தனாரைப் பற்றி அண்ணிக்காரி நல்லவிதமாக ஒன்று சொன்னால், அதை நீங்கள் தாராளமாக நம்பலாம். என் நாத்தனாருக்குப் பொய் சொல்ல வராது. சமையலில் உப்பு கூடிவிட்டால் விருந்தாளி முன்னாலேயே சொல்லி என் மானத்தை வாங்குகிறவள் அவள். அவளுக்கு நடந்தது இது. சொல்லும்போது பேய் என்ற வார்த்தையை அவள் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அதனால்தான் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அப்போது அவள் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பறையே கிடையாது. மலையேற வேண்டும், காட்டில் கூடாரம் போட வேண்டும், அடிவாரத்து ஊரில் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்ப வேண்டும். நம் மொழி தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பேச்சையும் பழக்கத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். ராத்திரியானால் வேத வாசிப்பு, ஜெபம். வீட்டில் குடித்த டம்ளரை எடுத்து வைக்காத மகராசி அங்கே போய் செங்கல் சுமந்தாள். எல்லாம் நேரம்தான்.

பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுவார்கள். ஒருத்தி பாறையில் இறங்கும்போது இன்னொருத்தி மேலே நின்று கயிறு பிடிக்க வேண்டும். கடைசிவரை ஜோடி மாறாது. விசுவாசம் என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்கப் போவதில்லை, கயிறு எடுக்கும் என்பாராம் அவர்களோடு வந்த வேதாகம ஆசிரியர்.

இவளுக்கு ஜோடியாக வாய்த்தவள் குருவி. அப்பாவுக்கு ஒரே பெண், அம்மா இல்லை. ஆள் கைப்பிடி அளவு, வாய் மட்டும் ஓயாது. ஆனால் கயிறு விடுவதில் மகா கஞ்சம். ஒரு முழம் கேட்டால் அரை முழம்தான் விடுவாள், அதையும் நிறுத்தி நிறுத்தி விடுவாள். இவள் கீழேயிருந்து திட்டினால், "உன்ன அவ்வளவு சுலபமா விட்டுருவேனா?" என்று மேலேயிருந்து பதில் வரும். இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே போர்வையில் தூங்கின. அக்கா தங்கை இல்லாத குறை இரண்டு பேருக்கும் அங்கே தீர்ந்தது. (எனக்கு வாய்த்தவர் அவளுக்கு அண்ணன்தான், ஆனால் அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது, அது வேறு கதை.)

கடைசிப் பாறை இறங்க வேண்டிய அன்றைக்குக் குருவிக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தங்கியிருந்த வீட்டு அம்மா பார்த்துக்கொள்வதாகச் சைகையில் சொன்னாள். நாத்தனார் போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள். குருவிதான் போர்வைக்குள்ளிருந்து விரட்டினாள்.

"போடி. வேற ஆளு கயிறுல ரொம்ப சொகுசாப் பழகிடாத."

மற்றவர்கள் எல்லாரும் இறங்கி முடித்து முகாமுக்குப் போய்விட்டார்கள். இவள்தான் கடைசி. குருவி இல்லாததால் கூட வந்த வழிகாட்டி அண்ணனே மேலே ஒரு மரத்தில் முனையைக் கட்டிக் கயிறு பிடித்தார். பாதிப் பாறையில் இரண்டு பேர் நிற்கும் அளவுக்கு ஒரு திட்டு. அங்கே ஓர் இரும்பு வளையம். அதில் இடுப்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்போதுதான் மூடுபனி இறங்கியது.

முதலில் பாறை உச்சி மறைந்தது. பிறகு தலைக்கு மேலே கயிறு மறைந்தது. மேலேயிருந்து அண்ணன் என்னவோ கத்தினார். காற்றில் "இரு" என்ற ஒரு சொல் மட்டும் வந்து சேர்ந்தது.

இருந்தாள். குளிர் எலும்பில் இறங்கியது. ஜெபம் செய்தாள். தனக்காக இல்லை. அவளுக்குக் காய்ச்சல் இறங்கட்டும் ஆண்டவரே என்று.

அதற்குள் கயிறு தொய்ந்துபோயிருந்தது. கொஞ்சமாகத் தொய்யவில்லை. மறுமுனையில் ஆளே இல்லாத மாதிரி.

"அண்ணா..."

பதில் இல்லை.

"அண்ணா... இருக்கீங்களா?"

காற்று மட்டும்.

பிறகு... கயிறு அசைந்தது. சர்... சர்... என்று பாறையில் உரசிக்கொண்டு மேலே போனது. இறுகியது.

சுண்டியது. ஒன்று. இரண்டு.

சத்தம் கேட்காத இடங்களில் இரண்டு சுண்டு சுண்டினால், 'பிடிச்சிருக்கேன், இறங்கு' என்று அர்த்தம். அப்பாடா என்றிருந்தது இவளுக்கு. கொக்கியைக் கழற்றிவிட்டு இறங்க ஆரம்பித்தாள்.

கால் வைக்க ஒரு முழம் கயிறு வேண்டியிருந்தது.

அரை முழம்தான் வந்தது.

நின்றாள். மறுபடி மெல்ல இழுத்துப் பார்த்தாள். நிறுத்தி... நிறுத்தி... இன்னோர் அரை முழம்.

அண்ணன் இப்படி விடுகிறவர் இல்லை. தாராளமாக விடுவார்.

மேலே பார்த்தாள். வெள்ளையாகப் பனி. வேறு ஒன்றும் இல்லை.

கால் வழுக்கியது.

விழுந்தாள்...

விழவில்லை. கயிறு வெடுக்கென்று பிடித்தது. ஒரு சாண்கூடக் கீழே போகவில்லை. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அவள் அழுதாள். பயத்தில் இல்லை என்றாள் என்னிடம். யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டதாம்.

"குருவி?"

கயிறு லேசாக நடுங்கியது.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கால் தரையில் பட்டது. கீழே சேர்ந்ததும் இறங்கினவள் கத்த வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. அது காதில் விழும்வரை, வானமே இடிந்து விழுந்தாலும் மேலே இருப்பவள் கயிற்றை விடக் கூடாது. அத்தனை மாதப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"விடலாம்!"



அப்புறம் மேலேயிருந்து கயிறு மொத்தமும் பொத்தென்று அவள் காலடியில் விழுந்தது.

பின்னால் காலடிச் சத்தம். திரும்பினாள். வழிகாட்டி அண்ணன். பக்கத்துப் பாதையில் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தார். தோளில் வேறொரு புதுக் கயிறு. இவளைத் தரையில் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது.

"நீ எப்படி இறங்கினே?"

மேலே கூரான விளிம்பில் உரசிக் கயிறு நைந்துபோனதைப் பார்த்திருக்கிறார். அவள் வளையத்தில் பத்திரமாக இருக்கிறாளே என்று, கயிற்றை மரத்திலிருந்து அவிழ்த்துப் போட்டுவிட்டார். வளையத்தை விட்டு நகராதே, புதுக் கயிற்றோடு கீழ்ப்பக்கமாக ஏறி வருகிறேன் என்றுதான் அவர் கத்தியது. அவிழ்த்த முனை வெறும் பாறைமேல் கிடந்தது. மேலே ஓர் ஈ காக்கை கிடையாது.

அவர் கைக்கடிகாரத்தில் நாலே முக்கால்.

இருட்டுவதற்குள் ஊருக்குள் வந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. மத்தியானமே காய்ச்சல் கைமீறிப்போய், வீட்டு அம்மா குருவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். இவர்கள் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

நர்ஸ் விவரம் சொன்னாள். மூன்று மணிக்கே டாக்டர் கைவிரித்துவிட்டாராம். ஆனால் அந்தப் பெண் போகவில்லை. இரண்டு கையையும் மூடிக்கொண்டு எதையோ பிடித்திருந்தாள். பிரித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. நாலே முக்காலுக்கு, யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைத் திருப்பினாள். கை இரண்டும் தானாக விரிந்தன. அவ்வளவுதான்.

வீட்டு அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே வைத்துக் காட்டினாள். கடைசிவரை குருவி ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அந்த அம்மாவுக்கு அர்த்தம் தெரியாது. சத்தத்தை மட்டும் காதில் வாங்கி, அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"பிடிச்சிருக்கேன்... பிடிச்சிருக்கேன்..."

மறுநாள் குருவியின் அப்பா வந்தார். மகள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை இரண்டிலும் குறுக்கே சிவப்பாகத் தோல் உரிந்திருந்தது. கயிறு ஓடிய தடம். புதுசு. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அந்தக் காயம் இல்லை என்று நர்ஸ் அடித்துச் சொன்னாள். வேதாகம ஆசிரியர் வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெபம் செய்ய வாயைத் திறந்தவர் முடியாமல் வெளியே போய்விட்டார்.

இத்தனை வருடம் கழித்து இதையெல்லாம் சொல்லிவிட்டு, நாத்தனார் என்னை ஒன்று கேட்டாள். அவள் இப்படிக் குரல் இறங்கிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நான் விடலாம்னு சொல்லாம இருந்திருந்தா... அவ பிடிச்சுக்கிட்டே இருந்திருப்பாளா அண்ணி?"

நான் அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.