சக்கரக்குழியிலிருந்து எழுந்தவள்

முத்துமாரியம்மாள் முதல் தடவை விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பவர்லூமில் வேலை முடிந்ததும் கோமதியம்மன் சன்னதிக்கு முன்னாலுள்ள சக்கரக்குழியில் போய் உட்காருவது அவள் வழக்கம். மனக்கவலை உள்ளவர்கள் உட்காருகிற இடம். புருஷன் செத்த பிறகு பேச்சுக் குரலே கேட்காத வீட்டுக்கு அது தேவலை. அன்றைக்கு விருட்டென்று எழுந்தாள். கண் இருட்டியது, உடம்பு ஆடியது. விழித்தபோது தலை பூமாரியின் மடியில் கிடந்தது. ஒரே தறிக்கூடத்தில் வேலை பார்த்தும் அதுவரை முகம் கொடுத்துப் பேசாதவள்.

"தாயே, எம்மவளுக்கு மாப்பிள்ளை அமையுமா?" என்று கேட்டாள் பூமாரி.

சாமி வந்து ஆடியதாக நினைத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்த மடி இதமாக இருந்தது.

"அமையும்."

பிறகு வெள்ளிதோறும் பெண்கள் குழியைச் சுற்றிக் காத்திருந்தார்கள். அவளும் விருட்டென்றே எழுந்தாள். சில நாள் விழுந்தாள். ஒருநாள் மடிக்கு முந்திக் கல் தாங்கிக்கொண்டது.

அவளுக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்து வந்த டாக்டர் சண்முகையாதான் நெற்றியில் தையல் போட்டார்.

"எந்திரிச்சதும் ரத்தம் காலுக்கு எறங்கும்மா. மூளை தன் ரத்தக்குழாயை விரிச்சு வேண்டியதை வாங்கிக்கிடும். உங்க மூளை ரொம்ப வருசமா ஒசந்த பிரஷருக்கே பழகிட்டு. மாத்திரை அதை எறக்குது. சட்டுனு எந்திரிச்சா சமாளிக்க மாட்டேங்கு."

"அப்ப சாமி இல்லையா சார்?"

"ஒங்க மண்டைய ஒடைக்கணும்னு சாமிக்கு என்ன வேண்டுதலா? மாத்திரையக் கொறைக்கேன். உக்காந்து காலத் தொங்கவிட்டு, மெதுவா எந்திரிங்க. இன்னொரு தடவ விழுந்தா தையலோட போகாது."

அடுத்த வெள்ளி பூமாரி பூச்சரத்தோடு நின்றாள். முத்துமாரியம்மாள் குழியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். விருட்டென்று எழுந்தால் போதும். நெற்றித் தையல் விண்ணென்று வலித்தது. மூச்சை இழுத்துவிட்டு, தூணைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

"என்ன மதினி, அம்மா வரலியா?"

"வர மாட்டா. அது மயக்கம்ட்டி. பிரஷர்."

"அப்ப எம்மவளுக்குச் சொன்னது?"

பூமாரி பூச்சரத்தைத் தன் கொண்டையிலேயே செருகிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் கலைந்தார்கள்.

தலை தெளிவாக இருந்தது. பிரகாரம் கடைசிவரை துலக்கமாகத் தெரிந்தது. அவளுக்காக யாரும் நிற்கவில்லை.