நாலங்குலக் குழாய்க்குள் ஐரோப்பா

முதலாம் உலகப் போர் ஏன் தொடங்கியது, எப்படி நடந்தது என்பதை நான் வாழ்க்கையில் முதன்முதலாக விளக்கிச் சொன்ன இடம் கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடி. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆறு இராணுவத்தினர். பக்கத்தில் அப்பா நின்றார்.

அந்தப் போர் உண்மையில் அக்காவுக்குச் சொந்தமானது. அவள் பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுப் படிக்கிறவள். சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் இரண்டே அறைகள்தான் இருந்தன. ஓர் அறையில் அவள் படித்தால் மற்ற அறையில் இருப்பவரும் போய்ப் பரீட்சை எழுதிவிடலாம். வல்லரசுகளின் கூட்டணிகள், ஆயுதப் போட்டி, குடியேற்ற நாடுகளுக்கான போட்டி, தீவிர தேசியவாதம் என்று நான்கு காரணங்களும் எனக்கு அப்படித்தான் பாடமாயின. உடனடிக் காரணம் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டது.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு இந்த உடனடிக் காரணம் மட்டும் பிடிபடவில்லை.

“ஒருத்தரச் சுட்டதுக்கு மத்த நாட்டுக்காரனெல்லாம் என்னத்துக்கு அடிபட்டவங்க?” என்று கேட்டா.

அக்கா பொறுமையாகக் கூட்டணிகளை விளக்கினாள். இவருக்கு அவர் துணை, அவருக்கு மற்றவர் துணை, ஒருவரைத் தொட்டால் எல்லோரும் வரவேண்டும் என்று ஒப்பந்தம்.

“அப்ப நம்மட கோயில் திருவிழாச் சண்டை மாதிரித்தான். ஒரு குடியில ஒருத்தனத் தள்ளினா அவன்ட குடி, மாமன்ட குடி எல்லாம் வேட்டிய மடிச்சிக் கட்டிட்டு வந்திரும். மறுகா என்னத்துக்கு வந்தமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

குடி என்றால் எங்கள் பக்கத்தில் தாய்வழிக் குலம். அதைப் பரீட்சையில் எழுத முடியாது என்று அக்கா சொன்னாள். எனக்கோ அம்மா சொன்ன பிறகுதான் விளங்கியது.

அந்த வருடம் மாரி தொடங்கிய நேரத்தில் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். அக்காவின் வகுப்புக்கு வரலாறு. அவளுக்கு ஐரோப்பாவின் போர் வரைபடம். அக்காவுக்கு நேர்கோடே வளைந்துதான் வரும். ஆகவே வரைகிற வேலை எனக்கு வந்தது. கடதாசி மழைக்குத் தாங்காது என்று அம்மா கூடாரத் துணியில் பாதியை வெட்டித் தந்தா. சுனாமிக்குப் பிறகு ஒரு வருடம் நாங்கள் குடியிருந்த கூடாரம் அது. வீடு கிடைத்த பிறகு அதில் மிளகாய் காயப்போட்டு வந்தா. ஆறடி நீளம், நாலடி அகலம். ஐரோப்பா தாராளமாக உட்கார்ந்தது.

அப்பாவுக்குக் குழாய் பொருத்துகிற வேலை. கடற்கரைப் பக்கமெல்லாம் புதிதாக எழும்பிய வீடுகளுக்கும் வாவிப் பாலத்துக்கு அப்பால் நகரத்து வீடுகளுக்கும் அவர்தான் தண்ணீர்க் குழாய் இழுத்தார். வேலைத்தலங்களில் மிஞ்சிய பெயின்ற் தகரங்கள் இரண்டு கொண்டுவந்து தந்தார். நிலத்துக்குப் பூசுகிற சிவப்பு, கதவுக்குப் பூசுகிற பச்சை. ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் சிவப்பு. பிரித்தானியா, பிரான்ஸ், ரஷ்யா பச்சை. இத்தாலி முதலில் ஒரு பக்கம் இருந்து பிறகு மறுபக்கம் போனது, ஆகவே இரண்டு நிறத்திலும் கோடு கோடாகப் பூசு என்பது அக்காவின் கட்டளை.

நான் ரஷ்யாவில் தொடங்கியது பிழையாகிவிட்டது. தகரத்திலிருந்த பச்சையை முழுவதும் ரஷ்யா குடித்துவிட்டது. பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் அடியைச் சுரண்டிப் பூசினேன். இத்தாலிக்கு ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. அக்கா முற்றத்துச் சேற்றில் வழுக்கிக் கால் சுளுக்கிப் படுத்திருந்த நேரம் பார்த்து இத்தாலி முழுவதையும் சிவப்பாகப் பூசி முடித்தேன். மேலே கறுப்பு மையால் அம்புக்குறிகள் போட்டேன். ஜெர்மனிப் படை போன வழி, ரஷ்யப் படை வந்த வழி. பிரான்சுக்குள் மேலிருந்து கீழாகப் பல் பல்லாக ஒரு கோடு. அதுதான் பதுங்குகுழி. அதை வரைய எனக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. எங்கள் பழைய வீட்டின் பின்புறத்தில் ஒன்று இருந்தது. கடல் வந்த அன்று அதுவும் மண் நிரம்பிப் போயிற்று.

அக்காவால் நடக்க முடியாததால், கண்காட்சி நாளில் வரைபடத்தைக் கொண்டுபோய் ஆசிரியையிடம் சேர்ப்பது என் பொறுப்பாயிற்று. மழை தூறிக்கொண்டிருந்தது. பெயின்ற் முழுதாகக் காய்ந்திருக்கவில்லை. அப்பா சிறிது நேரம் யோசித்துவிட்டு, துணியைச் சுருட்டி ஒரு நாலங்குலக் குழாய்க்குள் விட்டார். குழாயின் ஒரு வாயை மூடி வைத்துப் பசை போட்டு ஒட்டினார். மறுவாயில் இன்னொரு மூடியை இறுக்கி அடித்தார். ஒரு துளி தண்ணீர் போகாது என்று அதைத் தட்டிக் காட்டினார். தன் தொழில் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிறது என்று அவருக்கு உள்ளூரச் சந்தோசம். சைக்கிள் பாருக்குப் பக்கத்தில் குழாயைக் கட்டினார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

இரண்டு வாயும் அடைத்த குழாயோடு சாவடிக்குப் போகலாமா என்று அப்பா ஏன் யோசிக்கவில்லை என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அவர் தினமும் குழாய்களோடுதான் பாலத்தைக் கடப்பார். சாவடியில் நிற்பவர் குழாயை எடுத்து, கண்ணருகே வைத்து, மறுமுனை வழியாக வாவியைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். சில நாளில் அதற்குள்ளால் ‘கூ’ என்று ஊதியும் பார்ப்பார்கள். எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, வடக்கில்தான் நடந்துகொண்டிருந்தது. அப்பாவும் குழாயும் அந்தச் சாவடிக்குப் பழகிப்போயிருந்தார்கள்.

அன்றைக்குச் சாவடியில் நின்றவர்கள் புதியவர்கள்.

முதலாமவர் குழாயைக் கண்ணருகே கொண்டுபோனார். மூடி இருந்தது. மறுபக்கம் திருப்பினார். அங்கேயும் மூடி. குழாயை மெல்லக் கீழே வைத்தார். கீழே வைத்த விதம், தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவது போல இருந்தது. பிறகு பின்னுக்கு நடந்தார்.

“மொகத மே?” என்று தூரத்திலிருந்து சிங்களத்தில் கேட்டார். இது என்ன என்கிறார் என்று எனக்குக்கூட விளங்கியது.

“புள்ளைட படம் மாத்தயா. பள்ளிக்கூடத்துப் படம்” என்றார் அப்பா, ‘ஐயா’ என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி.

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். மீன் பெட்டியோடு நின்றவர் பெட்டியை விட்டுவிட்டே போனார். படத்தை விரிப்பதற்கு இடம் விடுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆறடி நீளம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் ஆச்சரியமாக இருந்தது.

அப்பாவையே திறக்கச் சொன்னார்கள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள், நான் நிற்கவில்லை. அப்பா மூடியைத் திருகினார். அது அசையவில்லை. காலையில் அத்தனை பெருமையோடு அடித்து இறுக்கிய மூடி. கால்களுக்கிடையில் குழாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். தூறல் நின்றிருந்தும் அவர் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ‘டப்’ என்று மூடி கழன்றபோது துப்பாக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அப்பாவின் பக்கம் திரும்பின. துணியின் நுனி எட்டிப் பார்த்தது.

அதோடு முடிந்திருக்கலாம். துணியை மணல்மூட்டைகளுக்கு முன்னால் விரித்த பிறகுதான் அவர்களுடைய முகங்கள் இன்னும் இறுகின. அம்புக்குறிகள். பதுங்குகுழிகள். சின்னச் சின்னக் குண்டு வெடிப்புகள். அவற்றை அழகுக்காக நானே சேர்த்திருந்தேன். எழுத்தெல்லாம் தமிழில். ஒருவர் குனிந்து, பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் நடுவே நான் பேனையால் அலை போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, அரைகுறைத் தமிழில் கேட்டார்.

“இது வாவி? பாலம் எங்க?”

நான் சிரித்துவிட்டேன். “இது கல்லடி இல்ல. இது இங்கிலாந்து. அங்க பாலம் இல்ல” என்றேன். அப்பாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். சாவடிக்குள்ளிருந்து தேநீர்க் கோப்பையோடு வந்தவர் மற்றவர்களைவிட இளையவர். காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. படத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். என்னைப் பார்த்து, “சொல்லு” என்றார்.

அக்கா எந்தச் சுருதியில் படிப்பாளோ அதே சுருதியில் நான் தொடங்கினேன். நீண்டகாலக் காரணங்கள் நான்கு. உடனடிக் காரணம் ஒன்று. ஆஸ்திரியா செர்பியாமீது போர் தொடுத்தது, ரஷ்யா செர்பியாவுக்காக வந்தது, ஜெர்மனி ஆஸ்திரியாவுக்காக வந்து பெல்ஜியத்துக்குள்ளால் பிரான்சுக்குப் போனது, அதனால் பிரித்தானியாவும் இறங்கியது. அவர் ஒவ்வொன்றாகத் தன் மொழியில் மற்றவர்களுக்குச் சொன்னார். அம்மா சொன்ன குடிச்சண்டையையும் சேர்த்துக்கொள்வோமா என்று யோசித்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

புத்தகப் பையிலிருந்து அக்காவின் வரலாற்றுப் பாடநூலை எடுத்துக் கொடுத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். தலைப்பாகை வைத்த சிப்பாய்கள் வரிசையாக நிற்கும் படத்தில் நிறுத்தி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“எங்களுக்கும் இதே புத்தகம். இதே படம். சிங்களத்தில. பரீட்சையில எனக்கு இதில சி.”

“எங்கட அக்காக்கு ஏ வரும்” என்றேன்.

அப்பா என் காலை மிதித்தார்.

இளையவர் சிரித்தார். பிறகு குந்தியிருந்து, பாடம் கேட்கிற ஆசிரியர் போல வரைபடத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தார். விரல் இத்தாலியில் நின்றது.

“இத்தாலி பிழை. முதல் இந்தப் பக்கம். பிறகு மாறினது. அந்தப் பக்கம்.”

எனக்குக் காது சூடாயிற்று. பச்சை முடிந்துபோன கதையை அக்காவுக்கே சொல்லவில்லை. “இல்ல, சரிதான்” என்று சாதித்தேன்.

“பிழை” என்றார் அவர்.

“சரி.”

“புள்ள, அவர் சொன்னா அது சரி. இத்தாலி மாறினதுதான், மாத்தயா. எனக்கும் தெரியும்” என்றார் அப்பா. அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். இத்தாலியைப்பற்றி அவர் வாய் திறந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

இளையவர் பல் பல்லாக இருந்த கறுப்புக் கோட்டைத் தடவிப் பார்த்தார். “இந்த பங்கரில எவ்வளவு காலம் இருந்தாங்க?”

“நாலு வருசம்.”

அதை அவர் மற்றவர்களுக்குச் சொன்னார். ஒருவர் ஏதோ பகிடி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு மறுபடி கேட்டார்.

“முடிஞ்ச பிறகு இவங்க எப்ப வீட்டுக்குப் போனாங்க?”

“அது பாடத்தில இல்ல” என்றேன். உண்மையும் அதுதான். பாடத்தில் உடன்படிக்கையும் அதன் விளைவுகளும்தான் இருந்தன.

அவரே துணியைச் சுருட்டி, ஓரம் மடியாமல் குழாய்க்குள் விட்டுத் தந்தார். மூடியைப் போடவேண்டாம் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார். அப்பா போடவில்லை. மீன்பெட்டிக்காரர் திரும்பி வந்து தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

பாலத்தைக் கடந்து நகரத்துப் பக்கம் இறங்கியதும், வாவிக் கரையோரமாக அப்பா சைக்கிளை நிறுத்தினார்.

“செயின் கழண்டு போச்சு புள்ள. இறங்கு.”

நான் இறங்கிப் பார்த்தேன். செயின் அதன் இடத்தில்தான் இருந்தது. சொன்னேன். “இல்ல, கழண்டுதான் போச்சு” என்று அவர் குந்தி உட்கார்ந்து செயினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். கையெல்லாம் கறுப்பு எண்ணெய். பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்று நான் அவசரப்படுத்தினேன். ஒரு தடவை கோபத்தில் தரையில் காலையும் உதைத்தேன். கடைசியில் அவர் எழுந்து, வாவித் தண்ணீரில் கைகழுவி, முகத்தையும் கழுவிக்கொண்டு வந்து சைக்கிளை மிதித்தார். செயின் ஒரு சத்தமும் போடவில்லை.

பள்ளிக்கூடத்தில், தோழி ஒருத்தியிடம் பச்சை நிறப் பேனை வாங்கி இத்தாலியின்மேல் கோடு கோடாக இழுத்தேன். ஆசிரியை, இத்தாலியை இவ்வளவு சரியாகக் காட்டியவர் வேறு யாருமில்லை என்று பாராட்டினா. ஆமிக்காரர் சொல்லித் தந்தவர் என்றேன். ஆசிரியை கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தா. யாரும் கேட்டால் அக்கா சொல்லித் தந்தது என்று சொல்லும்படி சொன்னா. முதற்பரிசுச் சான்றிதழிலும் அக்காவின் பெயரையே எழுதினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது நான் முழுக் கதையையும் சொன்னேன். பாலம் எங்கே என்று கேட்டதைச் சொல்ல அக்கா சுளுக்கிய காலையும் மறந்து குலுங்கிச் சிரித்தாள். அப்பா இத்தாலிக்குச் சாட்சி சொன்னதை நடித்துக் காட்டினேன். அந்த உற்சாகத்தில் செயின் கதையையும் எடுத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் குழாய் பூட்டுகிற மனுசனுக்குச் செயின் கழன்றிருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியவில்லை, கால் மணித்தியாலம் சும்மா பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார் என்று சொன்னேன். அக்கா மறுபடி சிரித்தாள். சோற்றைப் பிசைந்தபடி அப்பாவும் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் கையில் கழுவியும் போகாத எண்ணெய்க் கறுப்பைப் பார்த்தா. எழுந்து அடுப்படிக்குப் போய், தனக்கென்று எடுத்து வைத்திருந்த பொரித்த மீனைக் கொண்டுவந்து அப்பாவின் சோற்றுக் கோப்பையில் வைத்தா. அன்றைக்கு உலகப் போரை விளக்கியது நான், படம் வரைந்தது நான், பரிசு வாங்கிக் கொடுத்ததும் நான். மீன் மட்டும் ஏன் அப்பாவுக்குப் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டு, வெறும் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தா.