குணம் வரட்டும் என்று நிறுத்தி வைத்த படம்

செய்தி வந்தபோது ஹவுகன்ஸ்டுவாவில் கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, தேநீர்ப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தேன். கைபேசியில் மரண அறிவித்தல்: ஒரு குத்துவிளக்குப் படம், அதற்குக் கீழே தயாபரன் அண்ணையின் முகம். இந்த நோர்வேஜியக் குளிர்காலத்தில் எத்தனை குத்துவிளக்குகளைத்தான் பார்ப்பது. அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. போத்தலை மூடி வைத்தேன். புறப்படும் நேரமாகிவிட்டது, பஸ்ஸை எடுத்தேன்.

அவரும் நானும் ஒரே டிப்போவில் பல வருடங்கள் பஸ் ஓட்டினோம். அவருடைய பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், அது ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வயதானவர்கள் ஏறினால் அவர்கள் இடம்பிடித்து, பையை மடியில் வைத்து, மூச்சு வாங்கி முடியும்வரை நகரமாட்டார். அவருக்குப் பின்னால் வருகிற என் பஸ் அவருடைய பஸ்ஸின் முதுகைப் பார்த்தபடி நிற்கும். நான் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். டிப்போவில் ஏன் பிந்தினாய் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "சனம் சீற்றிலை இருந்தாப் பிறகுதானே பஸ்ஸை எடுக்கலாம்."

இந்த மனிதருக்குச் சண்டைப் படத்தில் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் தாய்லாந்துச் சண்டைப் படங்கள். அம்மருட்டில் அவருடைய வீட்டுக்குக் கீழ்மாடியில் இருந்த தாய்லாந்துப் பெண் ஒருத்தி கொடுத்த டிவிடிகளில் தொடங்கியது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ் மண்டபத்தில் திரை கட்டிப் போட்டார். வசனம் நோர்வேஜிய மொழியில் கீழே ஓடும். அதை வாசிக்க முடியாத பெரியவர்களுக்காக அண்ணை மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லுவார். யாரையும் மரியாதை குறைத்துப் பேச அவருக்கு வராது. கத்தியோடு பாய்கிற வில்லன்கூட, "தம்பி, கொஞ்சம் நில்லும், உம்மைக் கொல்லப்போறன்" என்பான். மண்டபம் சிரித்துக் குலுங்கும். தான் ஏதும் பகிடி சொன்னேனா என்று அண்ணை எங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

அந்தப் படங்களில் எங்களுக்கு என்ன பிடித்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். வாழைமரம், தகரக் கூரை, ஓட்டோ, கொட்டுகிற மழை. இங்கே பிறந்த பிள்ளைகள் "இது யாழ்ப்பாணமா?" என்று கேட்பார்கள். எனக்குப் பிடித்தது வேறு. எங்கள் கதாநாயகர்கள் இருபது பேரை அடித்துவிட்டுத் தலைமயிர் கலையாமல் நிற்பார்கள். இந்தப் படங்களில் வென்றவனும் நொண்டுவான். "இவனுக்குக் கயிறு கட்டேல்லை, தங்கச்சி. விழுந்தால் விழுந்ததுதான்" என்று அண்ணை முதல் நாளே சொன்னார். பகல் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்து இடுப்பும் நாரியும் நொந்து வருகிறவளுக்கு, எழும்ப முடியாமல் எழும்புகிற ஒருவனைப் பார்ப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது.

தொடக்கத்தில் எல்லோருமாக ஒரு பிழை விட்டோம். சண்டை மேடைக்கு வந்ததும் வீரன் உடனே அடிக்கத் தொடங்கமாட்டான். தலையில் கட்டிய வளையத்தோடு முழந்தாளிட்டு மூன்று முறை கும்பிட்டு, இசைக்கு மெதுவாக ஆடி, மேடையின் நான்கு மூலைகளையும் தொட்டுச் சுற்றி வருவான். குருவுக்குச் செய்கிற வணக்கம். எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? தமிழ்ப் படத்தில் பாட்டு வந்தால் ஓட்டிவிட்டுப் பழகிய சனம், "பாட்டு வந்திட்டுது, ஓட்டுங்கோ!" என்று கத்தியது. அண்ணை ரிமோட்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அடி எந்தப் படத்திலையும் இருக்கு. அடிக்க முதல் இவன் கும்பிடுறானே, நான் அதைப் பார்க்கத்தான் வாறன்" என்றார். அதன்பிறகு யாரையும் அதைத் தாண்ட அவர் விட்டதில்லை.

ஆற்றங்கரை ஊர்க்காரன் ஒருவன் காணாமல்போன தங்கையைத் தேடி நகரத்துக்குப் போகிற படம் ஒன்று. தாய்லாந்து மொழிப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் 'ஆத்துப் படம்' என்போம். பயணம் புறப்படுமுன் அவன் ஊர்க் கோயிலுக்குப் போய்ப் புத்தர் சிலைக்கு முன் விழுந்து கும்பிட்டான். முன்வரிசையில் இருந்த குணம் அண்ணை எழுந்துவிட்டார். குணம் அண்ணையும் தயாபரன் அண்ணையும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். வன்னியில் குணம் அண்ணையின் தகப்பன் வெட்டித் திருத்திய காணியில் போருக்குப் பிறகு ஒரு பௌத்த விகாரை எழும்பியிருந்தது.

"இதைப் பார்க்கவோ என்னைக் கூப்பிட்டனீ?" என்று கேட்டார்.

"குணம், அவன் கும்பிடுறது தன்ர ஊர்க் கோயிலையடா. உன்ர காணியைப் பிடிச்சவனை இவனிலை தேடாதை."

"உனக்கென்ன, உன்ர காணி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குணம் அண்ணை வெளியே போனார். கதவு மூடியதும் தயாபரன் அண்ணை படத்தை நிறுத்தினார். எவ்வளவோ கேட்டும் மிச்சத்தைப் போடவில்லை. "குணம் வரட்டும், விட்ட இடத்திலை இருந்து பார்ப்பம்" என்றார்.

அவர் வரவில்லை. இனி இப்படிப் படங்கள் வேண்டாம் என்று மண்டபத்தில் சொல்லிவிட்டார்கள். படம் அண்ணையின் வீட்டு வரவேற்பறைக்கு மாறியது, சனமும் மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசியில் அண்ணை, அவருடைய மனைவி ராணி அக்கா, நான். ஆத்துப் படத்தைப் போடுங்கோ என்று கேட்டால் அதே பதில். அந்தத் தங்கை கிடைத்தாளா என்று தெரியாமலே வருடங்கள் போயின. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. ஒருவராவது பிழையாக இருந்திருந்தால் சண்டை பிடித்தாவது தீர்த்திருக்கலாம். நியாயமான இரண்டு மனிதர்கள் முகம் பார்க்காமல் வயதாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சலித்துப்போயிற்று.

இலையுதிர் காலத்தில் தயாபரன் அண்ணை படுக்கையில் விழுந்தபோது, குணம் அண்ணைக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், தங்கச்சி. சொல்லி வந்தால் அவன் வருத்தக்காரனைப் பார்க்க வந்த மாதிரிப் போயிடும். அவன் படம் பார்க்க வரவேணும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இந்த நிலையிலும் இந்தப் பிடிவாதம் தேவையா என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

இறுதிச் சடங்குக்கு மயான மண்டபம் குறித்த நேரத்துக்குத்தான் கிடைத்தது. அடுத்த குடும்பம் வெளியே பனியில் காத்து நின்றது. தேவாரத்தைக்கூட அவசரமாகப் பாடி முடித்தோம். யாரையும் அவசரப்படுத்தாத மனிதரை இப்படி அனுப்புகிறோமே என்றிருந்தது எனக்கு. குணம் அண்ணை கடைசி வரிசையில், குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் நின்றார். பெட்டிக்குக் கிட்டப் போகவில்லை. வெளியில் என்னிடம் வந்தார்.

"அந்தப் படம், பிள்ளை. அவன்ர தங்கச்சி கிடைச்சவளோ?"

"தெரியாது, அண்ணை. நீங்கள் போன பிறகு அவர் அதைப் போடேல்லை. நீங்கள் வரவேணும் எண்டு வைச்சிருந்தவர்."

"இவ்வளவு காலமுமோ? எனக்கு ஆரும் சொல்லேல்லையே!"

"சொல்லக்கூடாது எண்டவர்."

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கார்களுக்கு நடுவில் நின்றார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் குணம் அண்ணை லோறென்ஸ்கூக்கில் இருந்த தன் வீட்டிலிருந்து பஸ் பிடித்து அம்மருட்டுக்கு வந்தார். ராணி அக்கா தேநீர் வைத்தார். நான் ஆத்துப் படத்தைப் போட்டேன். புத்தர் சிலை வந்ததும் குணம் அண்ணை எழுந்து பல்கணிக் கதவைத் திறந்து வெளியே போனார். நான் படத்தை நிறுத்தினேன். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய முதுகு தெரிந்தது. ராணி அக்கா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். தேநீர் ஆறியது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, "ஏன் நிப்பாட்டினனீர்? ஓடட்டும்" என்றார். சிலை வந்தது, அவன் கும்பிட்டான், போனது. குணம் அண்ணையின் கை கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

பிறகு சண்டை மேடை. அவன் முழந்தாளிட்டான். அன்று விடியற்காலை வேலை முடித்து வந்தவள் நான், கண் சொருகியது. தங்கை கிடைத்தாளா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. என்னை அறியாமலே ரிமோட்டை எடுத்தேன்.

"ஓட்டாதையும், பிள்ளை" என்றார் குணம் அண்ணை. "தயாபரன் விடமாட்டான்."

ரிமோட்டை மேசையில் வைத்தேன். நான்கு மூலைகளையும் அந்தப் பையன் மெதுவாகத் தொட்டுச் சுற்றி வந்தான். குணம் அண்ணை அழுதார், ராணி அக்கா அழுதார், குத்துவிளக்குப் படத்துக்கு வராத அழுகை எனக்கும் அப்போதுதான் வந்தது.

தங்கை கிடைத்தாள். அவன் நொண்டிக்கொண்டு அவளை ஊருக்குக் கூட்டிப் போனான். தயாபரன் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த டிவிடி இல்லை, அது குணம் அண்ணையிடம் போய்விட்டது. சனம் உட்காரும்வரை பஸ்ஸை எடுக்காத அந்தப் பழக்கம் என்னிடம் இருக்கிறது. இப்போது என் பஸ்ஸும் பிந்தித்தான் வருகிறது. எனக்குப் பின்னால் வருகிறவர்கள் திட்டட்டும்.