செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு வந்தவள்

யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்கு வந்த முதல் மாதத்திலேயே, ‘ஆமாம்’ என்பதற்கு இங்கே சொல்லும் ‘ஓம்’ என்ற சொல் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. யார் எதற்குக் கூப்பிட்டாலும் ஓம். சாமத்தியவீடு என்கிற பூப்பு விழா, பிறந்தநாள், உடுப்பிட்டியில் யாரோ ஒரு மாணவியின் அக்காவுக்கு நிச்சயம், எல்லாவற்றுக்கும் போனேன். திருச்சியிலிருந்து வந்த ஆங்கில ரீச்சர் என்று புகைப்படத்தில் நடுவில் நிற்கவைப்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. அம்மா மட்டும் போனில், வெளிநாட்டில் இருக்கிற பெண் இப்படியா ஊர் சுற்றுவது என்பாள். கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசும் ஓர் இடத்தை வெளிநாடு என்று நான் நினைத்ததே இல்லை. பயம் வந்த பிறகுதான் நினைத்தேன்.

பயம் மேற்படிப்பு விண்ணப்பத்தோடு வந்தது. பகலில் பதினோராம் வகுப்பு, மாலையில் யார் வீட்டிலாவது தேநீரும் பலகாரமும், அதற்குப் பிறகு மடிக்கணினி. நான் ஏன் ஆசிரியராகவே இருக்க விரும்புகிறேன் என்ற கட்டுரையை எழுதி எழுதி அழித்தேன். அதில் என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். அவர்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. லண்டனில் இடம் கிடைத்தால் பரீட்சைக்கு முன்பே நான் கிளம்ப வேண்டும். இதை வகுப்பில் சொல்லவில்லை. நான் தங்கியிருந்த வீட்டுக்கார அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. என்னைவிடச் சில வயதே மூத்தவர், என்னிடம் எதையும் மறைக்காதவர். வெளிநாடு போனவர்களால் ஏற்கெனவே பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கும் ஒழுங்கையில் நானும் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

நேர்முகத் தேர்வு ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு, கணினி வழியாக. அதற்கு முதல் நாள் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா. புதன்கிழமை பள்ளி விட்டதும் அக்கா என்னைச் செத்தவீட்டுக்கு அழைத்துப்போனார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நழுவிவிடலாம் என்று நினைத்தேன். மாணவி என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் தலையை நகர்த்தாமல் கைக்கடிகாரத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தபோது மூன்றை நெருங்கியிருந்தது. எழுந்து, அவளுடைய அம்மாவின் கையைப் பிடித்து, “போயிட்டு வர்றேம்மா” என்றேன்.

ஒப்பாரி நின்றது.

தெரியாமல் சொல்லவில்லை. திருச்சியிலும் துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. திரும்பி வருவேன் என்பது இன்னொரு சாவைக் கூப்பிடுவது போல. பயத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“இன்னொருக்கா வரப்போறாவாம்” என்றாள் ஒரு கிழவி, யாரையும் பார்க்காமல்.

ஒழுங்கையில் அக்கா பின்னால் ஓடிவந்து, எனக்கு என்ன பேய் பிடித்தது என்று கேட்டார். நான் வேகமாக நடந்தேன். வீட்டுப் படியில் காலை வைக்கப் போனபோது அவர் குரல் தடுத்தது.

“நில்லும். செத்தவீட்டாலை வந்திட்டுத் தோயாமல் உள்ளுக்குப் போறதோ? சாமியறை இருக்கு.”

கணினி உள்ளே இருந்தது. குளிக்க வேண்டிய கிணறு பின்வளவில். செத்தவீட்டில் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்: நேர்முகத் தேர்வு, லண்டன், பரீட்சைக்கு முன்பே போகவிருப்பது. சொல்லி முடித்ததும் அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

“அப்ப ஏன் நிண்டு அழுறீர்? கிணத்தடிக்கு ஓடும்.”

வாளி வாளியாக அவரே அள்ளி என் தலையில் ஊற்றினார். அன்பாக இல்லை, பாத்திரம் கழுவுவது போல. கொடியில் என் சேலை காய்ந்துகொண்டிருந்தது. தான் இன்னும் தோயவில்லை என்பதால் அதைத் தொடாமல், நீரே எடும் என்று கண்ணால் காட்டினார்.

ஈரத்தலையோடு கணினி முன் உட்கார்ந்தபோது இரண்டு பேராசிரியர்கள் காத்திருந்தார்கள். பாதியில் ஊர்வலம் எங்கள் வாசல் கேற்றைக் கடந்தது. பறையும் வெடியும் அறைக்குள் வந்தன. அது என்ன சத்தம் என்று கேட்டார்கள். என் மாணவியின் தாத்தாவைக் கொண்டுபோகிறார்கள் என்றேன். அவர்களில் ஒருவரான அம்மையார் என் கட்டுரையைப் புரட்டினார். நீங்கள் போகப்போவது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பற்கள் தந்தியடித்தன. குளிர் என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்தபோது அக்கா தோய்ந்துவிட்டு முடியை உதறிக்கொண்டிருந்தார். கிடைக்குமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

“கிடைச்சாலும் கிடைக்காட்டிலும் நாளைக்கு வகுப்பிலை சொல்லும். சொல்லாமல் எழும்பிப் போறது செத்தவீட்டிலை மட்டுந்தான். நீர் எல்லாத்தையும் தலைகீழாச் செய்யிறீர்.”

மறுநாள் அந்த மாணவியின் இடம் வெறுமையாக இருந்தது. துடக்கு வீடு, தீட்டு கழியும்வரை அவள் வரமாட்டாள். அந்த இடத்தைப் பார்த்தபடியே சொன்னேன், இடம் கிடைத்தால் போய்விடுவேன் என்று. சோதனைக்கு முன்னமா பிறகா என்று ஒருத்தி கேட்டாள். முன்னம் என்றேன். யாராவது அழுவார்கள், அல்லது கோபிப்பார்கள் என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முன்வரிசைப் பெண் கொப்பியை விரித்தாள்.

“அப்ப கெதியாப் படிப்பிச்சு முடியுங்கோ, ரீச்சர்.”

கரும்பலகைப் பக்கம் திரும்பி வேகவேகமாக எழுதத் தொடங்கினேன். முதல் வரி முழுவதும் கோணலாகப் போனது.