கூரையடியில் ஒரு பனிமலை

மகள் மொட்டைமாடியில் சிமெண்ட் ஷீட் போட்டு எனக்கென்று ஓர் அறை கட்டுகிறாள். ஷீட்டுக்கு அடியில் வெள்ளித்தாள் விரித்தால் வெக்கை இறங்காது என்று கடைக்காரர் சொன்னாராம். "நிசமாவே அது கேக்குமாம்மா?" என்றாள். சரியான ஆளிடம்தான் கேட்டாள். அந்தத் தாளோடு ஒரு கோடை முழுக்க மல்லுக்கட்டியவள் நான்.

அப்போது நாரணாபுரத்தில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் மிஷின்மேன். நான் வீட்டிலிருந்தே பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவேன். மகளுக்கு ஒன்றரை வயது. சித்திரை பிறந்ததும் உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து, மத்தியானம் கண்ணை மூடவே மாட்டாள். மல்லாங்கிணற்றிலிருந்து வந்த என் நாத்தனார் அவளைப் பார்த்துக் கலங்கிவிட்டார்.

"மதினி, இந்த வேக்காட்டுல பிள்ளை தாங்காது. எங்க வீடு ஓட்டு வீடு. வார ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். மழை விழுகுற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பிள்ளையைப் பிரிந்து ஒரு நாள்கூட நான் இருந்ததில்லை.

வெக்கையைத் தடுக்கலாம் என்று வீட்டுக்காரர் கம்பெனியில் மிஞ்சிக் கிடந்த வெள்ளி நிற ஜிகினாத்தாள் ரோல் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். ஷீட்டுக்கு ஒரு சாண் கீழே கம்பி இழுத்து, பளபளப்பு எங்களைப் பார்க்கும்படி விரித்துக் கட்டினார். பிறகு அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஏ, இங்கன பாரு. பட்டாசுப் பெட்டிக்குள்ள குடியிருக்க மாதிரில்ல இருக்கு!"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெறும் தாளைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதில் ஏதாவது அச்சாகியிருக்க வேண்டும். மறுநாளே, நிறம் இடம் தள்ளி அச்சானதால் கழித்துப்போட்ட காலண்டர் படங்களைக் கொண்டுவந்து ஜிகினாவின் மேல் மைதா பசையால் ஒட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும்தான் கூட நின்று ஒட்டினேன். ஒரு சுருக்கம் இல்லை. மேலே அருவி, ரோஜாத்தோட்டம், பனிமலை. கீழே நாங்கள் வெந்துகொண்டிருந்தோம்.

தாளாவது மண்ணாவது என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் அழுதுகொண்டே பிள்ளையின் சட்டைகளை மடிக்க உட்கார்ந்தேன். அப்போது பசை காய்ந்து அருவிப் படம் பொத்தென்று விழுந்தது. சற்று நேரத்தில் மகள் அது விழுந்த மூலைக்குப் போய்ப் படுத்து, தூங்கியும்விட்டாள்.

கட்டில் மேல் ஏறி, கையைத் தூக்கிப் பார்த்தேன். பனிமலைக்குக் கீழே உள்ளங்கையில் அனல் அடித்தது. படம் விழுந்து பளபளப்பு தெரிந்த இடத்தில் அந்த அனல் இல்லை. நம்பாமல் மாற்றி மாற்றி நாலைந்து தடவை பார்த்தேன். சாப்பிட வந்த வீட்டுக்காரரையும் ஏற்றிவிட்டேன். "இங்கன கையை வச்சுப் பாருங்க. இப்ப அங்கன."

அவர் முகம் விழுந்துவிட்டது. வெக்கையைத் தடுப்பதே அந்தப் பளபளப்புதான்; அதைப் போய் நாங்கள் படம் போட்டு மூடியிருந்தோம். ஈரத்துணியால் துடைத்து ஒவ்வொரு படமாக உரித்தார். தான் படுக்கும் இடத்துக்கு மேலிருந்த பனிமலையிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே."

"அங்க சூடு இறங்குமேங்க?"

"என் தலையிலதான? இறங்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தபோது மகள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வேர்க்குருவும் அமுங்கத் தொடங்கியிருந்தது. அவர் சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினார். மடித்து வைத்திருந்த சட்டைகளை நான் எடுத்த இடத்திலேயே திரும்ப அடுக்கினேன்.

வீடு ஊட்டியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உச்சிவெயிலின் உறைப்பு குறையும், அவ்வளவுதான். ஃபேன் ஓடத்தான் வேண்டும், தூசி படிந்தால் துடைக்கத்தான் வேண்டும். மகளிடம் இதையெல்லாம் சொல்லி, வெள்ளித்தாளை வாங்கச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் தவறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது. நாரணாபுரம் வீட்டைக் காலி செய்தபோது அந்தப் பனிமலையை நனைத்து உரித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

நேற்று வேலை முடிந்தது. "பாட்டி, இதுமேல பெயிண்ட் அடிச்சிராதீக, பேப்பர் ஒட்டிராதீக" என்று சொல்லிவிட்டு வேலையாள் கிளம்பினார். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். அவர் படியிறங்கியதும் அடுப்பில் மைதாவைக் கிண்டினேன்.

என் கட்டிலுக்கு மேலே நான் பனிமலைப் படத்தை வைத்து அளவு பார்ப்பதைக் கண்டு மகள் பதறிப்போனாள். "அந்த இடத்துல சூடு இறங்குமேம்மா!"

"என் தலையிலதான? இறங்கட்டும். நீ ஸ்டூலைப் பிடி."